உது என்ன எழுத்து?

குறிகாட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்குத் தாயோடு காத்து நிற்கும் நாலு வயதுப் பிள்ளையின் பேச்சுக்குச் சற்றுக் காது கொடுத்தால் ஒன்று விளங்கும். தன் கையில் இருக்கும் பிஸ்கட்டை அது 'இது' என்கிறது. தாயின் தோளில் தொங்கும் பையை 'உது' என்கிறது. நயினாதீவுப் பக்கமிருந்து வந்துகொண்டிருக்கும் வள்ளத்தை 'அது' என்கிறது. மூன்றையும் ஒருபோதும் மாற்றிச் சொல்வதில்லை. எனக்குக் கிட்ட, உனக்குக் கிட்ட, இரண்டு பேருக்கும் எட்ட என்று உலகத்தை மூன்றாகப் பகுத்து, ஒவ்வொரு பங்குக்கும் ஒரு உயிரெழுத்தை அது ஏற்கெனவே கொடுத்து வைத்திருக்கிறது. எங்கே என்று தெரியாவிட்டால் 'எது?' என்று கேட்கவும் அதற்குத் தெரியும்.

அ, இ, உ மூன்றையும் சுட்டு என்று தொல்காப்பியர் எழுதி வைத்தார். தமிழ்நாட்டின் அன்றாடப் பேச்சில் உகரச் சுட்டு வழக்கொழிந்து நெடுங்காலமாகிவிட்டது. அங்கே அதைப் பழைய பாட்டுகளில்தான் பார்க்கலாம். யாழ்ப்பாணத்திலும் அதன் தீவுகளிலும் அது உயிரோடு இருக்கிறது, அதுவும் பிள்ளைகளின் வாயில். 'உங்கை வையுங்கோ', 'உந்தப் படம் எனக்கு வேணும்' என்று அவர்கள் கேட்கிற ஒவ்வொரு தடவையும் ஈராயிரம் ஆண்டு இலக்கணம் ஒன்று எந்தச் சிரமமுமில்லாமல் புழங்குகிறது.

இந்தப் பிள்ளை முன்பள்ளிக்குப் போகும். ஐந்து வயது நிறைந்த பின் முதலாம் தரத்துக்குப் போகும். அங்கே சுவரில் தொங்கும் எழுத்து அட்டையில் உகரத்துக்கு உரல் இருக்கும். மிக்சியும் கடைத்தூளும் வந்துவிட்ட வீட்டில் வளரும் பிள்ளைக்கு உரல் ஒரு படம் மட்டுமே. நான் கண்ட அட்டைகளில் 'உது' இல்லை. அதைப் படமாக வரைய முடியாது என்பது உண்மை. ஆனால் ஆசிரியை தன் கையிலுள்ள சோக்கைக் காட்டி 'இது', பிள்ளையின் கையிலுள்ள பென்சிலைக் காட்டி 'உது', யன்னலுக்கு வெளியே நிற்கும் பனையைக் காட்டி 'அது' என்று சொன்னால் வகுப்பறையே அட்டையாகிவிடும். வாய் விரிவதும் குவிவதும் மாறி மாறி நடப்பதைப் பிள்ளை தன் முகத்திலேயே உணரும். எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவைப் பிள்ளைக்குக் காட்ட இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

தீவகத்தில் ஏடு தொடக்குதல் இன்றும் நடக்கிறது. விஜயதசமியன்று தாம்பாளத்தில் அரிசி பரப்பி, ஐயரோ ஊரில் மதிப்புள்ள ஓர் ஆசிரியரோ பிள்ளையை மடியில் இருத்தி, அதன் சுட்டுவிரலைப் பிடித்து 'அ' எழுதுவிப்பார். விரல் எழுதும்போதே வாயும் 'அ' என்று சொல்ல வேண்டும். பிள்ளை அழுதாலும் விடமாட்டார்கள். இந்தச் சடங்கின் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அரிசியின் சொரசொரப்பு விரலிலும், வரி கண்ணிலும், ஒலி காதிலும் வாயிலும் ஒரே கணத்தில் கூடுகின்றன. ஒலியையும் வரியையும் சேர்த்துப் படிப்பிக்க வேண்டும் என்று இன்றைய ஆய்வாளர்கள் வற்புறுத்துவதை நம் முன்னோர் ஒரு தாம்பாளத்துக்குள் செய்து காட்டியிருக்கிறார்கள். அடுத்த நாளிலிருந்துதான் இரண்டும் பிரிகின்றன. கொப்பியில் எழுதுவது ஒரு வேலையாகவும், வாயால் ஒப்புவிப்பது வேறு வேலையாகவும் ஆகிவிடுகின்றன.

ஒப்புவிக்கும்போது பிள்ளை சொல்வது பெரும்பாலும் எழுத்தின் பெயர். ஆனா, ஆவன்னா, ஈனா, ஈயன்னா. கானா, ஙானா, சானா. இந்த ஓசை அழகானது. அரிவரி வகுப்பைக் கடந்துபோகும் எவருக்கும் அது ஒரு பாட்டாகவே கேட்கும். ஆனால் கானாவையும் மானாவையும் எத்தனை தரம் அடுக்கினாலும் 'கமலா' பிறக்காது. பெயர் வேறு, ஒலி வேறு. மெய்யெழுத்தில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுகிறது. மெய் தனியே நின்று ஒலிக்காது என்பதால் முன்னால் ஓர் இகரத்தைத் துணைக்குச் சேர்த்து இக், இங், இச் என்று பழக்குகிறோம். பிறகு 'கல்' என்ற சொல்லைப் பிள்ளையின் முன் வைக்கிறோம். பிள்ளை நாம் சொல்லிக் கொடுத்தபடியே படிக்கிறது: 'க... இல்... கயில்.' நாம் அதட்டுகிறோம். பிழை பிள்ளையுடையதன்று. துணைக்கு வந்த இகரத்தைச் சொல்லுக்குள் போகும்போது வாசலில் விட்டுவிட வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. பல், கல், பால், கால், மீன், மான் என்று முழுச் சொல்லைச் சொல்லவிட்டு, கடைசி ஒலியை இழுத்துப் பிடிக்கச் செய்தால் போதும். 'பால்ல்ல்' என்று நாக்கை மேலே ஒட்டி வைத்திருக்கும் பிள்ளைக்குப் புள்ளி வைத்த எழுத்து எதற்கென்று உடலே சொல்லிவிடும். ஆசிரியை ஒரு சிறிய முகக் கண்ணாடியை வகுப்பில் வைத்திருந்தால் இன்னும் நல்லது. ப, ம சொல்லும்போது உதடு மூடுவதைப் பிள்ளைகள் கண்டு சிரிப்பார்கள். தொல்காப்பியத்தின் பிறப்பியலில் உதடும் நாவும் பல்லும் அண்ணமும் எப்படிச் சேர்ந்து எழுத்தைப் பிறப்பிக்கின்றன என்று விரிவாக இருப்பது இதுதான்.

ஆங்கிலப் பிள்ளைகளின் தொல்லையை ஒப்பிட்டு, தமிழ் எழுதியபடியே படிக்கும் மொழி, எழுத்துக் கற்பது எளிது என்று சொல்வதுண்டு. பாதி உண்மை. 2003இல் வெளியான ஓர் ஒப்பாய்வு ஐரோப்பிய மொழிகள் பதின்மூன்றை எடுத்துப் பார்த்து, ஆங்கிலத்தில் அடிப்படை வாசிப்புக்கு மற்ற மொழிகள் பலவற்றைவிட இரண்டு மடங்குக்கு மேல் காலம் பிடிக்கிறது என்று கண்டது. தமிழ்ப் பிள்ளைக்கு அவ்வளவு குழப்பம் இல்லைத்தான். ஆனால் நம் பிள்ளையின் முன் இருப்பவை 26 எழுத்துகள் அல்ல, 247. கன்னடப் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த சோனாலி நாக், எழுத்துத் தொகுதி பெரிதாக இருக்கும் நம் போன்ற மொழிகளில் எழுத்தறிதல் முதலாம் வகுப்போடு முடியாமல் மூன்றாம், நான்காம் வகுப்பு வரை நீள்கிறது என்று காட்டியிருக்கிறார். ஒரு வருடத்துக்குள் 'எல்லா எழுத்தும் வந்திட்டுதா?' என்று கேட்டு முன்பள்ளி ரீச்சரின் கழுத்தை நெரிக்கும் பெற்றோர் இதை ஒருதரம் யோசிக்க வேண்டும்.

எங்கே பிள்ளை தடுக்கி விழுகிறது என்று பார்த்தால் இரண்டு இடங்களைச் சொல்வேன். ஒன்று உகர வரிசை. கா, சா, தா, மா என்று வரும்போது கால் ஒன்றுதான், போட்டுவிட்டால் முடிந்தது. கு, சு, து, மு என்று வந்தால் நான்குக்கும் நான்கு விதமான சுழிப்பு. ஒலி ஒரே மாதிரி மாறுகிறது, வரி ஒரே மாதிரி மாறவில்லை. மற்றது கெ, கொ. பிள்ளையின் காதில் ககரம் முதலில் விழுகிறது, எகரம் பிறகு. எழுதும்போதோ கொம்பை முதலில் போட வேண்டும். 'கொ'வில் உயிரொலி ஒன்றுதான். அதன் குறி ககரத்துக்கு இரண்டு பக்கமும் காவல் நிற்கிறது. 'கெ' எழுதச் சொன்னால் ககரத்தை எழுதிவிட்டு வலது பக்கத்தில் கொம்பைப் போடும் பிள்ளை, கேட்ட ஒழுங்கை அப்படியே எழுதியிருக்கிறது. அதன் காது சரியாக வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அத்தாட்சி. அந்தக் கொப்பியில் சிவப்புப் பேனையால் குறுக்கே கோடு கீறுவதற்கு முன் 'நல்லாக் கேட்டிருக்கிறாய் ராசா' என்று சொல்லிவிட்டுப் பிறகு கொம்பை இடம் மாற்றிக் காட்டலாம்.

இன்னொரு இடம் பெரியவர்களுக்குத்தான் குழப்பம், பிள்ளைக்கு இல்லை. 'கடல்' என்னும்போது ககரம் வன்மையாக வருகிறது. 'சங்கு' என்னும்போது மூக்கொலியின் பின்னால் மென்மையாகிறது. 'நகம்' என்னும்போது காற்றாகவே கரைந்துவிடுகிறது. ஓர் எழுத்துக்கு மூன்று ஒலி என்று விதி சொல்லிப் பிள்ளையைப் பயமுறுத்தத் தேவையில்லை. கடலும் சங்கும் நகமும் அதன் வாயில் ஏற்கெனவே சரியான ஒலியோடுதான் இருக்கின்றன. சொல்லைத் தெரிந்த பிள்ளை எழுத்தைக் கண்டதும் ஒலியைத் தானே திருத்திக்கொள்ளும். தெரியாத சொல்லைக் கொடுக்கும்போதுதான் தொல்லை.

ஈழத்து வாயில் இருக்கும் ஒரு செல்வத்தைச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுப் பேச்சில் 'காற்று' பெரும்பாலும் 'காத்து' ஆகிவிட்டது. நூலைப் பார்த்து வாசிக்கும்போது றகரத்தின் பின் ஒரு ரகரம் ஒட்டிக்கொள்கிறது. நம் பிள்ளை சொல்லும்போது நாக்கு நுனி மேற்பல்லுக்குச் சற்று மேலே உள்ள ஈற்றில் அழுந்தி, டகரமும் ஆகாமல் தகரமும் ஆகாமல் நடுவே நிற்கிறது. காற்று, சேற்று, வெற்றி எல்லாம் அப்படித்தான். இந்த இடத்தில் ஒலி வாயில் இருப்பதால்தான் ஆங்கிலம் வந்தபோது அதற்கும் நாம் இருப்பிடம் கண்டோம். கனடாவில் உள்ள நகரத்தை நம்மவர்கள் 'ரொறன்ரோ' என்று எழுதினார்கள். முன்பள்ளி ஆசிரியையை 'ரீச்சர்' என்று எழுதினார்கள். எழுதியதை அவர்கள் வாசிக்கும்போது நாக்கு ஆங்கிலத்தின் அந்த ஒலியிடத்துக்கே போகிறது. வெளியூர்க்காரர் இதைப் பிழை என்று நினைக்கலாம். ஒலியை உற்றுக் கேட்டு எழுத்துக்குள் இருத்திய நுட்பமான வேலை இது. அதே வேளை முதலாம் தரப் பிள்ளைக்கு இது ஒரு சிக்கலும் ஆகிறது. 'ரதம்' என்பதில் ஒரு ரகரம், 'ரீச்சர்' என்பதில் இன்னொரு ரகரம். இதை ஆசிரியை வாய்விட்டுச் சொல்லிக் கடக்க வேண்டும். ழகரத்தில் நாம் அவ்வளவு பணக்காரர் அல்லர். மழையும் பழமும் நம் பேச்சில் பலருக்கு ளகரமாகவே வருகின்றன. அவற்றைக் காதால் கண்டுபிடிக்க முடியாது. கண்ணால் பார்த்துத்தான் மனதில் பதிக்க வேண்டும். எதைக் காது பார்த்துக்கொள்ளும், எதைக் கண் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற பகுப்பு ஆசிரியைக்குத் தெளிவாக இருந்தால் பாதிப் பாரம் குறையும்.

எழுத்து மட்டும் பார்த்து வாசித்த காலம் தமிழில் மிகக் குறுகியது. ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைக்கவில்லை. எழுத்தாணி குத்தினால் ஓலை பொத்துவிடும் என்று காரணம் சொல்வார்கள். எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் இன்றுள்ள வேறுபாடு வீரமாமுனிவரின் கைவண்ணம், 18ஆம் நூற்றாண்டினது. அதற்கு முன் ஏட்டைக் கையில் எடுத்தவர் ககரமா ககர ஒற்றா, குறிலா நெடிலா என்பதைத் தன் செவியில் இருந்த மொழியைக் கொண்டுதான் முடிவு செய்தார். பாட்டை முதலில் காதால் கற்றவருக்கே ஏடு பேசியது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் கிடைத்த முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, வெளிநாட்டவர் ஊராத்துறைக்கு வந்து இறங்க வேண்டும் என்கிறது. யானையும் குதிரையும் ஏற்றி வந்த கப்பல் உடைந்தால் எவ்வளவு பண்டாரத்துக்கு, எவ்வளவு உடையவருக்கு என்று பங்கு சொல்கிறது. அந்த ஊராத்துறைதான் இன்றைய ஊர்காவற்றுறை. கல்லில் வெட்டிய அந்த ஆணையும் படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கச் சொல்ல, துறையில் நின்றவர்கள் கேட்டுத்தான் ஊருக்குள் போயிருக்கும் என்று எண்ணுகிறேன்.

ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொனில் 1913இல் பிறந்தவர் தனிநாயகம் அடிகள். லிஸ்பனில் 1554இல் அச்சான 'கார்த்தில்யா' என்ற சிறு நூலைத் தமிழ் ஆய்வுலகின் கவனத்துக்குக் கொண்டு வந்தவர்களில் அவர் முக்கியமானவர். தமிழ் மொழியில் முதலில் அச்சேறிய நூல் அது. ஆனால் அதில் ஒரு தமிழெழுத்தும் இல்லை. செபங்கள் தமிழில், எழுத்துகள் உரோமன். போர்த்துக்கேய மொழியில் கார்த்தில்யா என்றால் எழுத்தும் செபமும் பழக்கும் அரிச்சுவடி. அன்ரம் தெ புரோயென்சாவின் 1679ஆம் ஆண்டுத் தமிழ்–போர்த்துக்கேய அகராதியையும் அடிகள் 1966இல் மறுபதிப்பாகக் கொண்டு வந்தார். ஒரு மொழியின் ஒலியை இன்னொரு மொழியின் எழுத்துக்குள் ஏற்றப் பாடுபட்ட மனிதர்களின் தடங்களைத் தேடி ஒரு தீவுப் பிள்ளை உலகம் சுற்றியது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை. வாய்மொழியும் வரிவடிவும் ஒன்றல்ல, அவற்றை யாராவது ஒருவர் பொறுமையாக இணைத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதை அந்த நூல்கள் பக்கத்துக்குப் பக்கம் காட்டுகின்றன. ஒவ்வொரு முன்பள்ளியிலும் ஒவ்வொரு காலையிலும் நடப்பது அதே வேலைதான். அந்த வேலையைச் செய்யும் பெண்கள் மிகச் சிறு கொடுப்பனவுக்கு அதைச் செய்கிறார்கள் என்பது எனக்கு ஆறாத மனக்குறை.

அட்டைக்குத் திரும்ப வருகிறேன். ஒகரத்துக்கு ஒட்டகம், ஔகாரத்துக்கு ஔவையார் அல்லது ஔடதம். கொழும்பிலோ சென்னையிலோ அச்சிட்டு எல்லா ஊருக்கும் அனுப்பும் அட்டை ஒவ்வொரு ஊரின் வாயையும் கேட்டிருக்க முடியாது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் நெடுந்தீவுப் பிள்ளை ஒட்டகத்தைக் கண்டதில்லை, ஒட்டியைக் கண்டிருக்கிறது. ஒட்டியும் ஓராவும் நம் பரவைக்கடலில் வலையில் சேர்ந்து வரும் மீன்கள். ஒன்று குறிலில் தொடங்குகிறது, மற்றது நெடிலில். இரண்டு மீனையும் ஒரு தட்டில் வைத்து, 'ஒட்டி', 'ஓரா' என்று சொல்லவிட்டால் ஒகரமும் ஓகாரமும் எவ்வளவு நேரம் ஒலிக்கின்றன என்பதைக் கைதட்டிக் காட்டிவிடலாம். ச என்றால் சூடை, சுறா, சோளகம். வ என்றால் வள்ளம், வலை, வாடை. க என்றால் கணவாய், களங்கண்டி, கடலட்டை, கச்சான் காற்று. ந என்றால் நண்டு, நெத்தலி. ப என்றால் பனையில் தொடங்கிப் பாளை, பன்னாடை, பனாட்டு, பனங்கிழங்கு என்று ஒரு முழு மரமே கிடக்கிறது. நெடுந்தீவில் மு என்றால் ஒவ்வொரு வேலியிலும் முருகைக்கல். இந்தச் சொற்களைப் பிள்ளை படிக்க வேண்டியதில்லை, ஏற்கெனவே வைத்திருக்கிறது. நாம் செய்ய வேண்டியது அவற்றின் முதல் ஒலியைக் கழற்றி எடுத்து அதன் கையில் கொடுப்பது.

ஒரு ஆட்சேபம் எழும். பிள்ளை 'இறால்' என்று சொல்லாது, 'றால்' என்றுதான் சொல்லும். றகரம் மொழிக்கு முதலில் வராது என்பது இலக்கணம். வீட்டுப் பேச்சை வகுப்புக்குள் விட்டால் எழுத்துத் தமிழ் கெட்டுவிடாதா? நான் அப்படி நினைக்கவில்லை. 'றால்' என்று சொல்லும் பிள்ளை றகரத்தின் ஒலியை நன்றாகப் பிடித்திருக்கிறது. 'வீட்டிலை றால், கொப்பியிலை இறால்' என்று ஒருமுறை சொல்லிக் கொடுத்தால் ஐந்து வயதுப் பிள்ளை இரண்டையும் வைத்துக்கொள்ளும். அம்மம்மாவோடு ஒரு மாதிரியும் சுவாமியாரோடு இன்னொரு மாதிரியும் பேசத் தெரிந்த பிள்ளைதானே. வாயைத் திறந்த முதல் நாளே 'அப்பிடிச் சொல்லக்கூடாது' என்று கேட்ட பிள்ளை தன் வாயையே நம்பாமல் போய்விடும். வாயை நம்பாத பிள்ளை எழுத்தைக் கண்டதும் ஊகிக்கத் தொடங்கும், அல்லது பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சொல்லும். வகுப்பில் வாசிக்கத் தெரியாமலே ஒப்புவிக்கத் தெரிந்த பிள்ளைகள் அப்படித்தான் உருவாகிறார்கள்.

1990களின் தொடக்கத்தில் போர் தீவகத்தை ஏறக்குறையக் காலியாக்கியது. புங்குடுதீவிலும் வேலணையிலும் கூரை இழந்த கல்வீடுகள் இன்றும் நிற்கின்றன. போனவர்களின் பேரப்பிள்ளைகள் ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் பாரிசிலும் வார இறுதியில் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறார்கள். அவர்களின் நிலை தலைகீழ். எழுத்தைப் பார்த்து ஒலியைச் சொல்லப் பலர் நன்றாகப் பழகிவிடுகிறார்கள். 'களங்கண்டி' என்று பிசகில்லாமல் வாசிப்பார்கள். வாசித்து முடித்த பின் காதில் எதுவும் எழும்பாது. அங்கே எழுத்து முதலில் வந்துவிட்டது, சொல் பிறகு வரக் காத்திருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்குத் தேவை இன்னும் ஓர் அட்டை அன்று. வட்சப்பில் அப்பம்மா மீன் வெட்டிக்கொண்டே 'உது என்ன மீன், சொல்லு பாப்பம்' என்று கேட்கும் அரை மணி நேரம்.

தீவகத்து முன்பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள் வைக்கலாம் என்று தோன்றுகிறது. கரடுமுரடான வாடைக் காலத்தில் படகு ஓடாவிட்டால் யாழ்ப்பாணத்திலிருந்து கற்றல் சாதனம் வராது, சில நாள் ஆசிரியையும் வரமுடியாது. எந்தப் படகுக்கும் காத்திராத ஒரு சாதனம் செய்யலாம். ஒரு பெரிய கொப்பி. எழுத்துக்கு ஒரு பக்கம். பிள்ளைகள் வீட்டிலிருந்து ஒரு சொல்லைக் கொண்டு வர வேண்டும். தகப்பனிடம் கேட்டது, துறையில் கேட்டது, கோயில் வாசலில் கேட்டது, எதுவும் ஆகலாம். எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று பிள்ளைகளே கூடி வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து முடிவு செய்யட்டும். 'சோளகம்' சகரப் பக்கத்துக்கா ஓகாரப் பக்கத்துக்கா என்று அவர்கள் சண்டை பிடித்தால் அந்தச் சண்டையை உடனே தீர்த்துவைக்க வேண்டாம். உயிரும் மெய்யும் ஓர் எழுத்துக்குள் கூடியிருப்பதை அவர்கள் அப்போதுதான் கண்டுபிடிக்கிறார்கள். ஙகரப் பக்கத்தில் ஒன்றும் சேராது. அதைப் பொய்யாக நிரப்பாமல், 'சங்கு' எங்கே ஒளித்திருக்கிறது என்று தேடச் சொல்லலாம். வருட முடிவில் கொப்பியை அடுத்த வகுப்பு ஆசிரியையிடம் கொடுத்துவிடுங்கள். முதலாம் தரத்தில் முதல் வாசிப்புப் புத்தகமாக அதையே வைத்துக்கொள்ளட்டும்.